லந்தாத் தோட்டத்துக்குக் கால் கழுவும் தண்ணீர்

மாதா சாட்சியாகச் சொல்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை: பவளந்துறையில் லந்தாத் தோட்டம் நடக்கத் தொடங்கியது தவக்காலம் பிறக்கிற விபூதிப் புதன்கிழமை சாயங்காலம், நாங்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்து ஜெபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதை முதலில் கண்டு சொன்னது சாமியாரும் இல்லை, பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை, என்னுடைய துணி காயப்போடும் கொடிக்கயிறு.

தெரியாதவர்களுக்குத் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்னொரு காலத்தில் லந்தாக்கார, அதாவது டச்சுக்கார, துரை ஒருவர், தன் மனைவி ஏறி வந்த கப்பல் கரைக்குத் தெரியும் தூரத்திலேயே முழுகிப்போய், அலை கொண்டுவந்து போட்டது அவளுடைய ஒற்றைக் கையுறை மட்டும் என்பதால், அதை மணலில் புதைத்து மேலே ஒரு புன்னைக் கன்றை நட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் கடலுக்குப் போய் உடம்பு கிடைக்காத ஒவ்வொருவனுக்கும் அவன் போட்டுக் கழற்றின சட்டை ஒன்றைப் புதைத்து மேலே ஒரு மரம் நடுவது வழக்கமாயிற்று. துரை எங்களைப் பார்த்துக் கற்றாரா, நாங்கள் துரையைப் பார்த்துக் கற்றோமா என்ற சண்டை இன்றைக்கும் தீரவில்லை. எப்படியோ, புன்னையும் பூவரசும் வேம்பும் நாகலிங்கமுமாக எண்பத்தேழு மரம். எண்பத்தாறு ஆம்பிளை, ஒரு துரைசாணி.

அழகென்றால் அப்படி ஓர் அழகு. தை மாதம் பிறந்தால் பட்டணத்திலிருந்து படம் வரைகிறவர்கள் குடையும் மடக்கு நாற்காலியுமாக வந்து, ஊருக்குத் தெற்கே இருக்கிற விளக்குப்பாறையில் வரிசையாக உட்கார்ந்து, நீலக் கடலையும் பச்சைத் தோட்டத்தையும் வெள்ளைக் கோயில் கோபுரத்தையும் வரைவார்கள். நூற்று நாற்பது வருஷமாக அதே பாறை, அதே தோட்டம். மரங்கள் எல்லாம் கடலுக்கு முதுகு காட்டி ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, “காத்து எப்படிச் சாய்ச்சிருக்கு பாரேன்” என்று பேசிக்கொள்வார்கள். நாங்கள் புட்டும் கடுங்காப்பியும் கொண்டுபோய்க் கொடுப்போமே தவிர, சட்டைகளைப் பற்றிச் சொன்னதில்லை. சந்தோஷமாக வந்த பிள்ளைகளை எதற்கு அழவைக்க வேண்டும்?

கடைசியாக நட்ட மரம், கடல் ஓரத்தில் இருந்த பூவரசு, என் அண்ணன் தஸ்நேவிஸ். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அண்ணன் போனது கோபத்தில் போனது. கரையில் இருக்கிற இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்து, கடலுக்குள் மீன் கிடக்கும் பாறை இன்ன இடம் என்று கண்டுபிடிப்பதை எங்கள் ஆட்கள் கணியம் என்பார்கள். அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரகசியம், அப்பன் சாகும்போது மகன் காதில் சொல்வது. எங்கள் அப்பாவும் சொன்னார்: “துரைசாணிப் புன்னையைக் கோபுரத்தோட வலது தோள்ல ஏத்தி வை, பாறை உன் காலடியில.” அண்ணன் போய்ப் புன்னையைத் தோளில் ஏற்றி வலை இறக்கினால் பாறையும் இல்லை, மீனும் இல்லை, வெறும் மணல். “சாகப்போற நேரத்துலயும் பெத்த மகனுக்குப் பொய் சொல்லிட்டுப் போயிட்டான் கிழவன்” என்று வைதுவிட்டு, அந்தப் பாறையை நானே கண்டுபிடிக்கிறேன் என்று வாடைக்காற்று நேரத்தில் தனியாகப் போனவன், திரும்பவில்லை.

அண்ணன் பொஞ்சாதி கித்தேரி மதினி ஒரு சொட்டுக் கண்ணீர் ஊரறிய விடவில்லை. சட்டையைக் கொடுத்தாள், மரம் நட விட்டாள், ஆனால் அந்த மரத்துக்கு அவள் கையால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது கிடையாது. நான்தான் ஊற்றி வளர்த்தேன். கடலிலிருந்து வந்தவனுக்கு வாசலில் நிறுத்திக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பெண்களின் முறை. “வந்தவுகளுக்குத்தானட்டி தண்ணி. நடுவழியில நிக்கவுகளுக்கு எதுக்கு? வீட்டுக்கு வரட்டும், ஊத்துதேன்” என்று சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் வாசல் நடையில் ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் வைப்பாள், விடிந்ததும் அதை மல்லிகைச் செடிக்குக் கொட்டிவிட்டுச் செம்பைப் புளி போட்டு விளக்குவாள். ஊரில் சிலர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நான் ஜெபம் பண்ணுவேன், வேறென்ன செய்வேன்.

அந்த விபூதிப் புதன்கிழமை காலையில்தான், நெற்றிச் சாம்பல் உதிர்வதற்குள், தோட்டத்து வேலியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். துரை வழி வாரிசுகளிடமிருந்து நான்கு எல்லைக் கல்லுக்குள் அடங்கிய நிலத்தையும் கிணற்றையும் மரங்களையும் நீலக்கரை விடுதிக் கம்பெனி வாங்கியிருக்கிறது என்றும், ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை மரங்களை வெட்டித் தரையைச் சமன் செய்வார்கள் என்றும் எழுதியிருந்தது. பத்திரம் சரியான பத்திரம், குறை சொல்ல முடியாது. ஆண்கள் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். பெண்கள் நாங்கள், நமக்குத் தெரிந்தது ஜெபமாலை என்று, தோட்டத்து ஓரம் மணலில் போய் உட்கார்ந்தோம்.

என் கொடிக்கயிறு தோட்டத்து வேம்பிலிருந்து வலைக்கொட்டகைத் தூணுக்குக் கட்டியது. முழங்காலிலிருந்து எழுந்து பார்த்தால் கயிறு தொய்ந்து, கோயிலுக்குக் கட்டுகிற என் வெள்ளைச் சேலை மணலில் புரண்டுகொண்டிருக்கிறது. இழுத்துக் கட்டினேன். மறுநாள் ஜெபம் முடிந்து பார்த்தால் மறுபடியும் தொய்வு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஜசிந்தாவின் ஆட்டைச் சந்தேகப்பட்டு அவளோடு வாய்ச்சண்டை போட்டேன், நாலாம் நாள் கித்தேரி மதினி வந்து கயிற்றைக் கையால் முழம் போட்டுப் பார்த்து, “ஏ லெயோனி, ஆட்டை வையாத. தோட்டம் இருபது முழம் உன் வீட்டுப் பக்கமா வந்திருக்கு” என்றாள், பால்காரர் வந்திருக்கிறார் என்பதுபோல.

வந்துதான் இருந்தது. நாங்கள் கண்ணை மூடித் தலைகுனிந்திருக்கிற நேரத்தில், மரமும் செடியும் கிணறுமாக, வேர் அறுபடாமல், ஓர் இலைகூட வாடாமல், பின்னால் ஒரு குழிகூட வைக்காமல், தினம் ஏழெட்டு அடி மேற்கே ஊரைப் பார்த்து நடந்தது. கண்ணைத் திறந்துகொண்டு இருந்தால் நடக்காது. கம்பெனி வைத்த காவல்காரர் காசி, ஓட்டப்பிடாரத்துக்காரர், கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டேயிருந்தார். மணல் பறந்து ஒரு தும்மல் போட்டார், அதற்குள் முள்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் எட்டு மரம் வந்துவிட்டது. “நான் நிலத்துக்குத்தான் காவல், மரத்துக்கு இல்ல” என்று சொல்லி அவர் வெறும் மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் கடமையைச் செய்தார். மத்தியானச் சாப்பாடு நாங்கள்தான் கொடுத்தோம்.

ஒரு வாரத்துக்குள் ஊருக்கு அது பழகிப்போயிற்று. பூசை முடிந்ததும் சாமியார் அறிக்கை வாசிக்கும்போது, “தோட்டம் வருகிற பாதையில் யாரும் வலை காயப்போட வேண்டாம், கருவாடு பரப்ப வேண்டாம்” என்று சேர்த்து வாசித்தார். பஞ்சாயத்தில் ஒரு மின்கம்பத்தை நகர்த்தினார்கள். கிரிக்கெட் விளையாடுகிற பையன்கள் நாகலிங்கத்தை மூன்றாவது ஸ்லிப்பாக வைத்துக்கொண்டார்கள். கிணறு தன் வீட்டு வாசலைத் தாண்டும் நாளில் தண்ணீர் யாருக்கு என்று ஜசிந்தாவும் அவள் ஓரகத்தியும் முன்கூட்டியே சண்டையை முடித்து வைத்துக்கொண்டார்கள். கஷ்டப்பட்டது கடலுக்குப் போன ஆண்கள்தான். புன்னை நகர நகரக் கணியம் பிசகி, ஒருத்தன் சொந்தப் பாறை என்று நினைத்துச் சித்தப்பன் பாறையில் வலை இறக்கி அடிதடியாகி, கடைசியில் தினமும் காலை மூன்று மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில், “பிரியமானவர்களே, தோட்டம் நேற்று ஏழடி மேற்கே, ஒரு சாண் வடக்கே” என்று அறிவித்தார்கள், அவர்களும் அதைக் கழித்துக்கொண்டு போய் மீன் பிடித்தார்கள்.

எல்லா மரமும் நடந்தன, ஒன்றைத் தவிர. என் அண்ணன் பூவரசு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

தவக்காலத்தின் பாதியில் தோட்டம் எல்லைக் கல்லைத் தாண்டிக் கோயில் மைதானத்துக்குள் வந்துவிட்டது, அண்ணன் மட்டும் அங்கே வெட்ட மணலில், முள்கம்பிக்குள், காவல்காரர் காசிக்கு நிழல் கொடுத்துக்கொண்டு, தனியாக. தோட்டம் விட்டுப்போன இடத்தைக் கடல் ஒவ்வொரு கையாக எடுத்துக்கொண்டு வந்தது. குருத்தோலை ஞாயிறு அன்று அலை அவன் வேரைத் தொட்டது.

“மதினி, உன் கையால ஒரு செம்புத் தண்ணி ஊத்து. அதுக்குத்தான் நிக்கான்” என்று நான் அழுதேன்.

“வரட்டும்.”

“வெட்டப்போறாவ மதினி!”

“லெயோனி, மத்த ஆம்பிளைகளெல்லாம் தண்ணி ஊத்தினதுக்கா நடந்து வாறாக? உங்க அண்ணனுக்கு வேற என்னமோ காலைக் கட்டியிருக்கு. அது என்னன்னு தெரியல எனக்கு” என்றாள். அன்றுதான் அவள் குரல் உடைந்து நான் கேட்டது.

கம்பெனியார் சும்மா இருப்பார்களா? ஊர்க்காரர்கள் மரங்களைப் பெயர்த்துத் திருடிவிட்டார்கள் என்று மனுக் கொடுத்தார்கள். மரம் வெட்டப்போகிற அதே திங்கட்கிழமை விசாரணைக்குச் சப்-கலெக்டர் அம்மா நேரில் வருகிறார் என்று தெரிந்ததும், எனக்கு வேறு யாரைத் தெரியும், வருஷா வருஷம் படம் வரைய வந்து என் வீட்டில் தங்குகிற சௌந்தரா டீச்சருக்குப் போன் போட்டேன். எழுபது வயது, கல்யாணம் காட்சி இல்லை, படம்தான் வாழ்க்கை. நான் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “லெயோனி, நாப்பத்தொன்பது வருஷமா இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்” என்றார்.

திங்கட்கிழமை காலையில் வெட்டுகிற எந்திரம் இரண்டு, கம்பெனி மேனேஜர், சப்-கலெக்டர் அம்மா, எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மேனேஜர் சின்னப் பையன், வெயிலில் சிவந்து போய், “மேடம், எண்பத்தாறு மரம்! எண்பத்தாறு! யாரோ தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க” என்றான்.

“யார் தூக்கினார்கள்?” என்று அந்தம்மா கேட்டார்கள்.

“யாரும் தூக்கல. அவுகளே நடந்து வந்தாவ” என்றாள் ஜசிந்தா.

அப்போது சௌந்தரா டீச்சர் வாடகைக் காரிலிருந்து இறங்கினார், பின்னாலேயே துணி சுற்றின ஏழு படங்கள் இறங்கின. கல்லூரிக் காட்சிக்கூடத்தில் கேட்டு, கையெழுத்துப் போட்டு, இரவல் வாங்கி வந்தவை. சுவரில் ஆணி அடிக்க நேரமில்லை என்று என் கொடிக்கயிற்றையே மைதானத்தில் இழுத்துக் கட்டி, துணிக் கவ்வி போட்டு, வயது வரிசையில் தொங்கவிட்டோம்.

“எல்லாம் விளக்குப்பாறையிலருந்து வரைஞ்சது. பாறை கல்லு, அது நகராது. கோபுரமும் நகராது. புன்னைக்கும் கோபுரத்துக்கும் நடுவுல தெரியுற கடலை மட்டும் பாருங்க” என்றார் டீச்சர்.

பார்த்தோம். நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய முதல் படத்தில் புன்னைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நாலு தோணி போகிற அளவு நீலம் இருந்தது. அடுத்ததில் மூன்று தோணி. அதற்கடுத்ததில் இரண்டரை. ஐந்தாவது படம் டீச்சர் இருபது, இருபத்தோரு வயதில் வரைந்தது, ஒன்றரைத் தோணி அளவு நீலம். அதன் மூலையில் அவருடைய வாத்தியார் சிவப்பு மையில் ‘அளவு தப்பு, முதல் படத்தைப் பார்’ என்று எழுதியிருந்தார். அந்த வருஷம் டீச்சர் பரீட்சையில் தோற்றுப்போனார். “தப்பு என்னோடது இல்லன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லி அந்தச் சிவப்பு எழுத்தை விரலால் தடவினார்.

கொடியில் காற்று அடித்து ஏழு படமும் ஒன்றாக ஆடியபோது, பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டோம், ஏனென்றால் அந்தப் புன்னை முதல் படத்திலிருந்து ஏழாவது படம்வரை, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் வீட்டுக்கு வருகிற ஒருத்தியைப் போல நடந்து வந்துகொண்டிருந்தது. உப்பு ஆபீசையும் பழைய சுங்கக் கொட்டகையையும் கடல் தின்றதே, ஆனாலும் அலைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் என் அம்மா காலத்திலும் நடந்தால் நூறு எட்டு, என் காலத்திலும் அதே நூறு எட்டு, அது எப்படி என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! வருஷத்துக்கு ஓரடி, இரண்டடி என்று அவர்கள் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அறிவிப்பைப் பார்த்ததும் வேகமாக வந்தார்கள், அவ்வளவுதான்.

சப்-கலெக்டர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஏழு படத்தையும் இரண்டு தடவை நடந்து நடந்து பார்த்துவிட்டு, “பத்திரத்தில் ‘நான்கு எல்லைக்குள் அடங்கிய மரங்கள்’ என்றுதானே இருக்கிறது? இவை எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஊர்க்காரர்கள் கொண்டுவரவில்லை. இது மரங்களின் நெடுநாள் பழக்கம்” என்றார்கள். ஊரே கை தட்டியது.

“அப்ப அது?” என்று மேனேஜர் கடலோரத்தைக் காட்டினான். “அது எல்லைக்குள்ளதான் மேடம் நிக்குது. அந்த ஒண்ணாவது எங்களுக்கு உண்டா, இல்லையா?”

அந்தம்மா பத்திரத்தை இன்னொரு தடவை படித்தார்கள். “அது அவர்களுடையது. நான் ஒன்றும் செய்ய முடியாது” என்றார்கள். எந்திரத்தைக் கிளப்பினான் ஒருவன்.

நான் கூட்டத்துக்குள் திரும்பினேன். மதினியைத் தேடினால் அவள் கடல் பக்கமே பார்க்கவில்லை; நான்காவது படத்தின் முன்னால் நின்று, புன்னைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் தெரிந்த நீலத்தில் சுண்டுவிரலை வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

“டீச்சர், இது எந்த வருஷத்துப் படம்?”

“நான் வரையிறதுக்கு ஏழெட்டு வருஷம் முந்தி.”

“எங்க மாமா தோணி ஓட்டின காலம்” என்றாள் மதினி. “அவுகளோட கணியத்துல புன்னை தோள்ல ஏறினா பாறைதான். உங்க அண்ணன் போனப்ப, புன்னை நகந்துபோயிருக்கு. லெயோனி, மாமா பொய் சொல்லலட்டி. உங்க அண்ணனும் தப்பாப் பாக்கல.”

சொல்லிவிட்டு ஓடினாள். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலி, கோயிலுக்கே கம்பு ஊன்றி வருகிறவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எந்திரத்துக்கு முன்னால் புகுந்து, முள்கம்பியைக் காவல்காரர் காசி தூக்கிப் பிடிக்க அதற்கு அடியில் நுழைந்து, பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பூவரசின் பக்கத்தில் போய் நின்று, வீட்டுக்காரரோடு பேசுகிற சாதாரணக் குரலில் பேசினாள். நாங்களும் பின்னால் ஓடிப்போனதால் கேட்டேன்.

“இஞ்சேரும். உங்க அப்பா உமக்குப் பொய் சொல்லல. நெசத்தத்தான் சொல்லிட்டுப் போனாக. அந்தப் பொம்பளை மரம் நகந்துட்டு, அதான். அப்பனைக் கிழவன்னு வஞ்சிட்டோமே, என்ன முகத்தோட வீட்டுக்குப் போகன்னுதான நிக்கீரு? அவுக ஒண்ணும் நெனைக்கமாட்டாக. மொதல்ல மைதானம் வந்து சேர்ந்ததே அவுக அப்பாவோட வேம்பு. கெளம்பி வாரும்.”

அதே நேரம் கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது, திரிகால ஜெபத்து மணி. எங்கள் ஊரில் அந்த மணி அடித்தால் கல்லுத் தூக்கிக்கொண்டிருக்கிறவனும் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிவான். எந்திரம் ஓட்டினவன் வேம்பார் ஊர்ப் பையன், அவனும் எங்கள் மதம்தான், எந்திரத்தை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். சப்-கலெக்டர் அம்மா எந்தச் சாமி கும்பிடுகிறவர்களோ தெரியாது, எல்லோரும் கண்ணை மூடுவதைப் பார்த்து அவர்களும் மூடினார்கள். மேனேஜர் பையன்கூட மூடினான்; பாவம், அவனுக்கும் வெயில். அந்த ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் கடலும் அலை அடிக்காமல் நின்றது.

கண்ணைத் திறந்தபோது எதிரில் வெறும் மணல்.

ஏழடி இல்லை, எட்டடி இல்லை. எல்லைக் கல்லைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, தன் தாத்தா வேம்பைத் தாண்டி, மீன் சந்தையைத் தாண்டி, எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு வாசலில், பூவெல்லாம் மஞ்சளாக மலர்ந்துபோய், உச்சிக் கிளை ஓட்டுக்கூரையைத் தொட்டுக்கொண்டு, கூச்சப்பட்ட மாப்பிள்ளை மாதிரிக் கொஞ்சம் தலை சாய்ந்து நின்றுகொண்டிருந்தான் என் அண்ணன். இலையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மணி அடித்தது போல எங்கள் கோயில் மணி எந்தத் திருவிழாவுக்கும் அடித்ததில்லை. கரையில் கிடந்த தோணிகளின் பாயை எல்லாம் ஏற்றினார்கள், ஜசிந்தாவும் ஓரகத்தியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், டீச்சர் மணலில் உட்கார்ந்து எட்டாவது படத்தை ஆரம்பித்துவிட்டார், சப்-கலெக்டர் அம்மா கோப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு, ‘மரங்கள் தம் விருப்பப்படி வீடு திரும்பின, மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி வாங்கின நிலத்தை அந்த ஐப்பசி மழைக்குள் கடல் எடுத்துக்கொண்டது. காவல்காரர் காசி இப்போது எங்கள் கோயில் தோட்டக்காரர்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. ஊரே ஆர்ப்பரித்துத் தெருவுக்குள் ஓடி வந்தபோது, கித்தேரி மதினி எல்லோரையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தனியாக நடந்து, வாசல் நடை ஏறி உள்ளே போனாள். சாயங்காலச் செம்பை மத்தியானமே நிறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“பத்தொன்பது வருஷம்! சத்தங்காட்டாம நடக்கிற கூட்டத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தெரியல உமக்கு” என்றாள். “காலைக் காட்டும்.”

வேரின்மேல் தண்ணீரை ஊற்றினாள். மெல்ல, ஒரு சொட்டு வீணாகாமல், முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம். ஊற்றி முடித்துச் செம்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, முந்தானையால் அடிமரத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “என்னட்டி பாக்கீங்க? வந்தவுக பசியோட வந்திருக்காக. மத்தவுகளும் நிக்காகல்லா? அவனவன் வீட்டுல செம்பு இல்லையா?” என்றாள்.

எண்பத்தேழு செம்பு தண்ணீர் அன்று ஊற்றினோம். துரைசாணிக்கு ஊற்ற அவள் வீட்டு ஆள் இல்லை என்பதால், அந்தச் செம்பை நான் ஊற்றினேன்.